சூப்பர்ஹீரோ குறும்படத்துக்கு டீசர்: எதை வைப்பது, எதை வெட்டுவது?

ஈசூன்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் கடைசி ஆண்டு புராஜெக்டுக்காக ஐந்து பேர் சேர்ந்து 18 நிமிட சூப்பர்ஹீரோ குறும்படம் எடுத்திருக்கிறோம். ஹீரோ லிப்ட் பழுதுபார்க்கிறவன், ராத்திரி வேலையில் ஒரு விபத்து, அதற்குப் பிறகு இரும்புச் சாமானெல்லாம் அவன் கைக்குத் தானாக வருகிறது. டீசர் வெட்டியாகிவிட்டது, 1 நிமிடம் 50 விநாடி. விபத்து, முகமூடி, மாடிக் கார் நிறுத்தத்தில் எடுத்த சண்டை, வில்லன் முகம், எல்லாம் இருக்கிறது. நேற்று பொங்கோல் வட்டாரத்தில் மாமா வீட்டில் போட்டுக் காட்டினேன். மாமா மகள் "நல்லா இருக்கு, முழுப் படத்தையும் பார்த்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை நோண்டப் போய்விட்டாள். எதை எடுக்கலாம் சொல்லுங்கள். சண்டைக்கு மட்டும் மூன்று ராத்திரி தூக்கம் போனது, அதில் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

பழைய_எடிட்டர்:
தம்பி, முதலில் சண்டையைத்தான் எடுக்கணும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று ராத்திரி போனது உங்களுக்குத் தெரியும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. நீங்கள் வெட்டியிருப்பது டீசரே இல்லை, கதைச்சுருக்கம். 2002இல் வந்த ஸ்பைடர்மேன் படத்துக்கு முந்தின வருடம் ஒரு டீசர் விட்டார்கள். ஆரம்பத்தில் அது ஏதோ வங்கிக் கொள்ளைப் படம் மாதிரிதான் இருக்கும், திருடர்கள் பணத்தோடு ஹெலிகாப்டரில் ஏறித் தப்பிக்கிறார்கள், திடீரென்று ஹெலிகாப்டர் நகராமல் நின்று பின்னால் இழுபடுகிறது, கேமரா விலகிப் போனால் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு பெரிய சிலந்தி வலை! இத்தனைக்கும் அந்தக் காட்சி படத்திலேயே கிடையாது, டீசருக்கென்றே எடுத்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அது வேறு கதை. அதில் ஹீரோவின் கதை ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் அவனால் என்ன முடியும் என்று புரிந்துவிடுகிறது.

தேக்கா_நைட்ஷோ:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றையும் மறைத்தாலும் ஆபத்துதான். தி டார்க் நைட்டுக்கு 2007இல் விட்ட முதல் டீசரில் காட்சியே இல்லை, வௌவால் சின்னம் விரிசல் விட்டு உடைகிறது, பின்னால் குரல்கள், ஜோக்கர் சிரிப்பு, அவ்வளவுதான். பேட்மேனுக்கு அது செல்லும், உலகத்துக்கே தெரிந்த சின்னம். ஈசூன் லிப்ட்காரனை யாருக்குத் தெரியும்? அதனால் சக்தியை ஒரு தடவையாவது காட்டுங்கள், ஒரே தடவை, சின்னதாக. வில்லன் முகம் வேண்டவே வேண்டாம். பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேனுக்கு 2015 டிசம்பரில் விட்ட டிரெய்லரில் கடைசிச் சண்டைக்கு வரும் டூம்ஸ்டே என்ற அரக்கனையே காட்டிவிட்டார்கள். தியேட்டரில் அந்தச் சண்டை வந்தபோது பாப்கார்ன் வாங்கப் போகலாமா என்றுதான் தோன்றியது. இன்னொன்று, இல்லாததைக் காட்டி ஏமாற்றாதீர்கள். அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார் டிரெய்லரில் வகாண்டா நாட்டுச் சண்டையில் எல்லாரோடும் ஓடி வந்த ஹல்க், படத்தில் அந்தச் சண்டைக்கு வரவே இல்லை. எனக்கு இன்னும் அந்தக் கடுப்பு போகவில்லை.

கேட்டால்_போதும்:
எல்லாரும் படத்தையே பேசுகிறீர்கள், சத்தத்தை யாரும் பேசவில்லை. 2020 ஆகஸ்டில் தி பேட்மேன் டீசர் வந்தபோது படப்பிடிப்பு கால்வாசிதான் முடிந்திருந்தது. கையில் சரக்கு குறைவு, ஆனாலும் அதில் ஒரு அடி விழும் இடம் இருக்கிறதே, வேகமாக வெட்டாமல் அப்படியே விட்டிருப்பார்கள், அடுத்தடுத்து அடி விழுவது காதில் கேட்கும்போது நமக்கே வலிக்கும். நிர்வாணா ராக் குழுவின் பாட்டு வேறு. தம்பி, இணையத்தில் கிடைக்கும் 'டூம்ம்ம்' சத்தத்தை வாங்கி ஒட்டாதீர்கள், பிரபலமான பாட்டும் வேண்டாம், உரிமைக்குக் காசு கட்டி மாளாது. லிப்ட் கதவு மூடும் சத்தம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு சக்தியைச் சின்னதாகக் காட்டுகிற ஷாட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஈசூன்_பையன்:
ஒன்று இருக்கிறது அண்ணா, படத்திலிருந்தே தூக்கிவிட்டோம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்திருப்பான், பால் இல்லாத கோப்பி 'ஓ' குடித்துவிட்டு கையை மேசையில் வைப்பான். சாஸரில் கிடக்கும் கரண்டி மெதுவாக அவன் பக்கம் திரும்பும். அவன் அதைப் பார்க்க மாட்டான். மேசைக்கு அடியில் காந்தம் பிடித்தது நான்தான், முட்டி தேய்ந்துவிட்டது.

பழைய_எடிட்டர்:
அதுதானய்யா டீசர்! இதைப் போய் யாராவது தூக்குவார்களா? முதலில் இருட்டில் லிப்ட் சத்தம், அப்புறம் இந்த ஷாட், பெயர், முடிந்தது. 40 விநாடிக்கு மேல் போகாதீர்கள்.

ஈசூன்_பையன்:
நேற்று ராத்திரியே வெட்டினேன், 38 விநாடி. சண்டையில் ஒரு பிரேம்கூட இல்லை, கேமராமேன் என்னோடு பேசுவதில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் "கரண்டி ஏன்டா திரும்புது?" என்று கேட்டார், சொல்ல மாட்டேன் என்றேன், இன்று காலை இட்லி வைக்கும்போது மறுபடியும் கேட்டார். ஒரே பிரச்சினை, கரண்டி சாஸரில் உரசும் சத்தம் கடை மின்விசிறி இரைச்சலில் அமுங்கிவிட்டது. அதை மட்டும் வீட்டில் தனியாகப் பதிவு செய்யணும். எந்தச் சாஸர் நல்லா இருக்கும், பீங்கானா, எவர்சில்வரா?

கேட்டால்_போதும்:
பீங்கான். மைக்கைக் கிட்டே வையுங்கள், பிரிட்ஜை அணைத்துவிடுங்கள்.