ஷூவின் அதிர்ச்சித் தாங்கலை அளந்து பார்த்த அனுபவம்

செய்யாறு பக்கம் ஸ்போர்ட்ஸ் ஷூ தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்டிங் லேபில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இம்பாக்ட் மிஷின் என் பொறுப்பு. 8.5 கிலோ எடையை 6 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஷூவின் குதிகால் பகுதியில் விழவிட வேண்டும். ஓடுகிறவரின் குதிகால் தரையில் மோதும்போது காலின் எடை எவ்வளவு அதில் இறங்குமோ, அந்தக் கணக்கில் வைத்த எடை அது. புது ஃபோம் நசுங்கிப் பழகும் வரை அளவு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் 25 மோதலை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தின் சராசரியைத்தான் ரிப்போர்ட்டில் எழுதுவோம். திரையில் ‘ஜி’ மதிப்பு (மோதி நிற்கும்போது எடைக்கு ஏற்படும் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) குறைவாக வந்தால் மோதலை ஷூ நன்றாக உள்வாங்குகிறது என்று பொருள்.

நானும் தினமும் காலையில் ஓடுகிறவன். 14 ஜி காட்டிய ஷூவை விட்டுவிட்டு 10 ஜி காட்டியதை வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் கணைக்கால் எலும்பு ஓரமாக வலி. அந்த அளவை எடுத்ததே நான்தான் என்பதால் ரொம்பவே குழம்பிப்போனேன்.

பிசியோதெரபி படிக்கும் சித்தப்பா மகன் அவன் கல்லூரி லேபுக்குக் கூட்டிப்போய், தரையில் பதித்த, கால் ஊன்றும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட் மேல் ஓட வைத்தான். குதிகால் ஊன்றி ஓடினால் வரைபடத்தில் இரண்டு மேடு வரும். கால் பட்டு 50 மில்லி செகண்டுக்குள் எழும் முதல் மேடுதான் மோதல். இரண்டு ஷூவிலும் அது கிட்டத்தட்ட ஒரே உயரம்! “அடியில் மெத்தென்று இருந்தால் கால் தானாகவே விறைத்துக்கொள்ளும் அண்ணா, முழங்கால் மடங்குவது குறையும்” என்றான். மிஷினில் விழுவது இரும்பு எடை, அதற்கு முழங்கால் கிடையாது. இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. 2018-இல் பின்லாந்தில் ஆய்வாளர்கள் அளந்தபோது, மணிக்கு 14.5 கிலோமீட்டர் வேகத்தில், தடித்த மெத்தை ஷூவில் முதல் மேடு சாதாரண ஷூவைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாகவே இருந்திருக்கிறது.

உங்களில் யாராவது இப்படி அளந்து பார்த்திருக்கிறீர்களா?

*

அண்ணா, அதற்காக மிஷின் அளவை ஒதுக்கிவிடாதீர்கள். லக்சம்பர்க்கில் 848 பேருக்கு, யாருக்கு எது என்று சொல்லாமலே, கடினமான ஷூவையும் மென்மையான ஷூவையும் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. கடினமானதைப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு.

என் அனுபவம் வேறு. கணைக்காலில் முடுக்கம் அளக்கும் சென்சார் கட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடினேன். மூன்று ஜோடி மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் வேகத்தை மாற்றாமல் காலடி நீளத்தை மட்டும் குறைத்து, நிமிடத்துக்கு 160 காலடி வைத்ததை 172 ஆக்கினேன். அப்போதுதான் அளவு நன்றாக இறங்கியது.

*

சென்சாரைக் கணுக்கால் பக்கமாகக் கட்டினீர்களா, முழங்காலுக்குக் கீழேயா? அடுத்த வாரம் தம்பியின் லேபுக்கு மறுபடி போகிறேன். அதே 10 ஜி ஷூவில் காலடி நீளத்தைக் குறைத்து ஓடிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.