மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு: கடலோர வீட்டில் மின்செலவு குறையுமா?

கேள்வி – கீழக்கரை வாசகர்

எங்கள் மேல்தளத்து அறைகள் பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆன பின்பும் அனலாகவே இருப்பதால், இரவில் ஏசியை நிறுத்த முடிவதில்லை. மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் மின்கட்டணம் குறையுமா? அங்கே விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துச் சமையலுக்கும் எடுக்கிறோம்.

பதில் – கட்டடப் பொறியாளர், ராமநாதபுரம்

குறையும் ஐயா. பழைய சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதத்தை உள்வாங்கிக்கொள்கிறது. நல்ல வெண்பூச்சோ, புதிதாக இருக்கும்போது, ஏறக்குறைய அந்த அளவைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கான்கிரீட் பகலில் வாங்கிய சூடு மெல்ல மெல்லத்தான் கீழே இறங்கும் என்பதால், உங்கள் அறை இரவில் கொதிக்கிறது. ஆனால் இந்தப் பயன் கூரையை ஒட்டிய தளத்துக்கே உரியது. நம் கரையோரத்தில் ஏசி, காற்றிலுள்ள ஈரத்தை நீக்கவும் கணிசமான மின்சாரத்தைச் செலவிடுகிறது. அந்தச் செலவைப் பூச்சு தொடாது. ஆகவே கட்டணம் பாதியாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து உட்கூரையின் காரை உப்பியிருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்ப்பது. அதைச் சரிசெய்யாமல் மேலே பூசினால், வெண்மைக்குக் கீழே துரு வளர்ந்துகொண்டே போகும்.

கேள்வி – மண்டபம் வாசகர்

எங்கள் கருவாட்டுக் கொட்டகைக்குப் பளபளப்பான தகரம் போட்டிருக்கிறோம். அது வெயிலைத் திருப்புகிறதே, பிறகு ஏன் இப்படிச் சுடுகிறது?

பதில் – கட்டடப் பொறியாளர்

வெயிலைத் திருப்புவது மட்டும் போதாது. உள்வாங்கிய சிறிதளவு வெப்பத்தையும் கூரை வெளியே கதிர்வீச்சாக விட வேண்டும். பூச்சில்லாத பளபளப்பான உலோகம் அதை மிகக் குறைவாகவே செய்கிறது. உலோகத்துக்கேற்ற அடிப்பூச்சின் மேல் வெள்ளை அடித்தால் வேறுபாட்டை உணர்வீர்கள்.

பதில் – தொண்டி வாசகர்

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. நம் வறண்ட மாவட்டத்திலோ அந்த நீர்தான் உயிர். எனவே கீழக்கரை நண்பர், குடிநீருக்கு உகந்தது என்று சான்று பெற்ற பூச்சையோ வெள்ளைக் கூலிங் டைல்ஸையோ தேர்ந்தெடுப்பது நல்லது. சுண்ணாம்பு மலிவானது, ஆனால் மழையில் கரைந்து தொட்டிக்குள் இறங்கிவிடும். எதைப் போட்டாலும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

புழுதி படிந்தால் வெண்மையும் பயனும் ஒருசேரக் குறையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசியில் ஒருமுறை தேய்த்துக் கழுவினால், வரும் கோடைக்கு மாடி ஆயத்தமாக இருக்கும்.