ரெவ் கிளவுட் திரையில் இருக்கு, பிடிஎஃப்பில் இல்லை! அவசரம்

கொத்தனார்_மகன்:
வணக்கம். வரைபடத்தில் மாற்றிய இடங்களைச் சுற்றி ரிவிஷன் கிளவுட் (மேக வடிவக் கோடு) எல்லாம் போட்டு முடித்து பிடிஎஃப் எடுத்தால் பாதி கிளவுட் காணவில்லை. திரையில் நன்றாகத் தெரிகிறது. ரிவிஷன் முக்கோணமும் (எந்தத் திருத்தம் என்று காட்டுவது) பக்கத்துக் குறிப்பும் ஒழுங்காக வருகின்றன, கிளவுட் மட்டும் வரவில்லை. மூன்று தடவை பிளாட் (பிரின்ட்) கொடுத்துப் பார்த்துவிட்டேன். 5 மணிக்குள் கன்சல்டன்ட்டுக்குப் போயாக வேண்டும். ப்ளீஸ்.

சாரம்:
ஆட்டோகேடா? எந்த வெர்ஷன்? மாடலில் (வரையும் இடம்) போட்டீர்களா, லேஅவுட்டிலா (பிரின்ட் எடுக்கும் தாள்)? எந்த லேயர் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு)?

வெள்ளைத்தாள்:
வைப்அவுட் (கீழே இருப்பதை மறைக்கும் வெற்றுப் பரப்பு) மறைக்கிறது, சந்தேகமே வேண்டாம். எல்லாக் கிளவுடையும் செலக்ட் செய்து டிராஆர்டரில் முன்னால் கொண்டு வாருங்கள்.

சாரம்:
வைப்அவுட் மறைத்தால் திரையிலும் மறையுமே. அவருக்குத் திரையில் தெரிகிறதாம்.

ஒன்றுக்கு_ஐம்பது:
அனோடேட்டிவ் ஸ்கேலாக (தாளின் ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்து அளவு மாறுவது) இருக்கும். அனோஆல்விசிபிள் செட்டிங்கை 1 வைத்துப் பாருங்கள்.

சாரம்:
கிளவுட் அனோடேட்டிவ் ஆகாது. குறிப்புதான் ஆகும், அது ஒழுங்காக வருகிறதே.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
தம்பி, கேள்வி கேட்கும் முன் லேயர் மேனேஜரைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். நாங்கள் டிரேசிங் ஷீட்டில் இங்க் கோட்டை பிளேடால் சுரண்டி ரிவிஷன் செய்தவர்கள். கிளவுடைத் தாளின் பின்பக்கம் பென்சிலில் போடுவோம், அடுத்த ரிவிஷனில் ரப்பரால் துடைத்தால் போயிற்று. இப்போது ஒரு ஷீட்டில் நாலு ரிவிஷன் கிளவுடும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிறது. எது புதிது என்று சைட்டில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

ஒன்றுக்கு_ஐம்பது:
ஐயா, எங்கள் கிளையன்ட் பழைய கிளவுடை எடுக்கவே கூடாது என்கிறார். எது எப்போது மாறியது என்று தெரிய வேண்டுமாம்.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
அதற்குத்தான் டைட்டில் பிளாக்கில் (தாளின் விவரப் பெட்டி) ரிவிஷன் டேபிள் இருக்கிறது. முக்கோணத்தை விட்டுவிட்டுக் கிளவுடை எடு.

வெள்ளைத்தாள்:
ரிவிஷனுக்கு ஒரு லேயர் வைத்துப் பழையதை ஃப்ரீஸ் செய்தால் (மறைத்தால்) இரண்டு பேருக்கும் சரி. அப்புறம், எங்கள் ஆபீஸில் ரிவிஷன் பெயர் அப்ரூவல் வரை ஏ, பி, சி. அப்ரூவ் ஆனதும் 0, 1, 2. ஐ, ஓ இரண்டும் கிடையாது, 1, 0 என்று படித்துவிடுவார்கள்.

ஒன்றுக்கு_ஐம்பது:
எங்களுக்கு முதலிலிருந்தே எண்தான். எழுத்தெல்லாம் வீண் குழப்பம்.

சாரம்:
கேட்டவர் எங்கே?

கொத்தனார்_மகன்:
மன்னிக்கவும், மீட்டிங். ஆட்டோகேட் 2018. லேஅவுட்டில்தான் போட்டேன். லேயரை நான் தொடவே இல்லை. முக்கோணமும் குறிப்பும் போன ரிவிஷனிலிருந்து காப்பி அடித்தவை.

சாரம்:
அப்படியானால் காப்பி அடித்தவை பழைய லேயரிலேயே இருக்கின்றன. புதிதாக வரைந்த கிளவுட் அப்போது எந்த லேயர் கரன்ட்டோ (வரைய எடுத்திருந்ததோ) அதில் விழுந்திருக்கும். வரைவதற்கு முன் வியூபோர்ட் (மாடலைத் தாளில் காட்டும் சட்டம்) ஏதாவது போட்டீர்களா? அதன் பார்டர் பிளாட் ஆகக் கூடாது என்று டெஃப்பாயின்ட்ஸ் என்ற லேயரைக் கரன்ட் ஆக்கி வியூபோர்ட் போடுவது பல ஆபீஸ் வழக்கம். அதை மாற்றாமல் கிளவுட் போட்டால் இதுதான் கதி. டெஃப்பாயின்ட்ஸ் திரையில் தெரியும், பிளாட் ஆகாது. லேயர் மேனேஜரில் பிரின்டர் ஐகானை என்ன சொடுக்கினாலும் அதில் எடுபடாது.

ஒவ்வொரு லேஅவுட்டிலும் கியூசெலக்ட் (நிபந்தனை கொடுத்துச் செலக்ட் செய்யும் கட்டளை) போடுங்கள். ஆப்ஜெக்ட் டைப் பாலிலைன், அதாவது தொடர்கோடு (உங்கள் வெர்ஷனில் கிளவுட் பாலிலைன்தான், 2021இல்தான் தனி ஆப்ஜெக்ட் ஆனது), லேயர் டெஃப்பாயின்ட்ஸ். செலக்ட் ஆனதை ரிவிஷன் லேயருக்கு மாற்றுங்கள். டைப்பை 'மல்டிபிள்' என்று விட்டுவிடாதீர்கள், வியூபோர்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
நான் முதலிலேயே லேயர் என்றுதான் சொன்னேன்.

வெள்ளைத்தாள்:
வியூபோர்ட்டுக்கென்று தனியாக நோ-பிளாட் லேயர் வைத்தால் இந்த வம்பே இல்லை.

கொத்தனார்_மகன்:
டெஃப்பாயின்ட்ஸ்தான். வந்துவிட்டது, 4:50க்கு அனுப்பிவிட்டேன். நன்றி சாரம் அண்ணா. ஒரு ஷீட்டில் மட்டும் எல்-வடிவ வியூபோர்ட்டைச் சுற்றிப் புதிதாக ஒரு கோடு பிளாட் ஆகியிருக்கிறது, அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

சாரம்:
அடடா. கிளிப் செய்த (வேறு வடிவத்துக்கு வெட்டிய) வியூபோர்ட்டின் எல்லையும் பாலிலைன்தான், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைத் திரும்ப டெஃப்பாயின்ட்ஸுக்கே மாற்றி அந்த ஒரு ஷீட்டை மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

பழைய_டிராஃப்ட்ஸ்மேன்:
அதற்கும் கிளவுட் போட்டு அனுப்பு தம்பி.