பலே நடனத்தின் பிரெஞ்சுச் சொற்களைப் பழக யாராவது உதவுவீர்களா?

வணக்கம் உறவுகளே, ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். என் மகள் பலே பழகுகிறாள். கிழமைக்கு ஒரு தடவை கண்டியில் வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் நான் பெயரைச் சொல்ல, அவள் செய்வாள்.

பெயர்கள் எல்லாம் பிரெஞ்சு. பதினான்காம் லூயி மன்னர் 1661இல் நடன அக்கடமி தொடங்கிய நாட்டின் மொழி, இன்றும் உலகம் முழுக்க பலே வகுப்புகளில் புழங்குகிறது. ஐந்து கால்நிலைகளும் அவளுக்கு மனப்பாடம். பரதத்தில் அரைமண்டி பழகியவள் என்பதால் ப்ளியேயில் முழங்காலை வெளிப்பக்கம் மடக்குவது உடனே பிடிபட்டது.

சிக்கல் 'ஆன் தெஓர்' (வெளிநோக்கி), 'ஆன் தெதான்' (உள்நோக்கி) இரண்டிலும்தான். ரோன் த ஜாம்பில், அதாவது ஒரு காலால் வட்டம் போடுவதில், கால் முன்னிருந்து பக்கவாட்டாகப் பின்னுக்குப் போனால் ஆன் தெஓர், பின்னிருந்து முன்னுக்கு வந்தால் ஆன் தெதான். சரி, இது விளங்குகிறது. பிருவெத் சுழற்சியில் தூக்கிய கால் பக்கம் சுழல்வது ஆன் தெஓர், ஊன்றிய கால் பக்கம் சுழல்வது ஆன் தெதான். இங்கேதான் பிள்ளை தடுமாறுகிறாள். இதை மனதில் பதிய வைக்க யாரிடமாவது நல்ல வழி உண்டா?

அப்புறம் அரபெஸ்க், அதாவது ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னுக்கு நீட்டும் நிலை. பலே பழக்கும் முறைகளில் செக்கெட்டி முறையில் இது ஐந்து வகை, வகனோவா முறையில் நான்கு வகை. பதில் எழுதும்போது எந்த முறை என்றும் சொல்லுங்கள்.

பாரிஸ் லா சப்பல் பக்கம் இருக்கும் அக்காமார், அண்ணன்மார் யாராவது இந்தச் சொற்களை மெதுவாகச் சொல்லிக் குரல்பதிவு அனுப்பினால் பெரிய உதவி. வீடியோக்களில் உச்சரிப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. மலையகத்தில் வேறு பிள்ளைகள் பலே பழகினாலும் சொல்லுங்கள், சேர்ந்து பழக வைக்கலாம்.