ஆயுத பூஜை சமயத்தில் பேரப்பிள்ளைகளோடு பூசணித் தோட்டம் பார்க்க வேண்டும், சேலம் பக்கம் எங்கே போகலாம்?

அஸ்தம்பட்டி தாத்தா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் குடும்பம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்காக ஆயுத பூஜையை ஒட்டி சேலம் வருகிறார்கள். பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்கு ஐந்து. அங்கே செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் 31 ஹாலோவீன் வரைக்கும் குடும்பம் குடும்பமாகப் பூசணிப் பண்ணைக்குப் போவார்களாம். டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் கட்டு மேல் உட்கார வைத்து வயலுக்குக் கூட்டிப் போவது, மக்காச்சோளக் காட்டுக்குள் வளைந்து வளைந்து வழி வெட்டி விட்டிருப்பது, பிள்ளைகளே காயைத் தேடிப் பிடித்துத் தூக்கி வருவது என்று அது ஒரு திருவிழா மாதிரி நடக்குமாம். இந்த வருடம் அது போய்விடுமே என்று பேத்திக்கு வருத்தம். "உங்க ஊர்ல பூசணித் தோட்டம் இருக்கா தாத்தா?" என்று போனில் கேட்டாள், இருக்கிறது சாமி, கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கே போவது? ஏற்காட்டில் இருக்கிறதா, இல்லை ஆத்தூர் ரோட்டுப் பக்கமா? முன்பின் தெரியாதவர்களைத் தோட்டத்துக்குள் விடுவார்களா, பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாழப்பாடிக் காட்டுக்காரன்:
ஐயா, டிக்கெட் போட்டு உள்ளே விடுகிற பூசணிப் பண்ணை நம்ம பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் என்று போகிற ரோட்டில் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே அரசாணியும் (மஞ்சள் பூசணி) சாம்பல் பூசணியும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் ஒரே காட்டில் போட மாட்டோம் என்பதால் இந்தக் காடு என்று கை காட்ட முடியாது. ஊருக்குள் வந்து டீக்கடையிலோ உரக்கடையிலோ "யார் காட்டில் இப்போ பூசணி இருக்கு" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

முதலில் காலம். ஆயுத பூஜைக்கு வெட்டுகிற சாம்பல் பூசணி வைகாசி, ஆனியிலேயே ஊன்றியதாக இருக்கும், அது முதிர நாலு மாதம், சில ரகத்துக்கு ஐந்து மாதம் கூட ஆகும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அரசாணி அப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கும், முன்னால் பிடித்த காய்கள் பெருத்துக்கொண்டிருக்கும். அதனால் பூஜைக்கு முந்தைய வாரம் வந்தால் ஒரு காட்டில் அறுவடை, பக்கத்துக் காட்டில் பூ என்று இரண்டையும் பார்க்கலாம். பூஜைக்கு அப்புறம் வந்தால் சாம்பல் பூசணிக் காடு காலியாகிக் கிடக்கும்.

அடுத்தது நேரம், இதை மட்டும் தயவு செய்து விட்டுவிடாதீர்கள். விடியும்போது வந்துவிடுங்கள். பூசணிப் பூ அதிகாலையில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பத்து மணிக்கு மேல் வந்தால் இலையைத்தான் பார்க்க முடியும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும், ஆண் பூவுக்கு நீளமான மெல்லிய காம்பு, பெண் பூவுக்கு அடியில் குண்டுமணி மாதிரி ஒரு சின்னப் பிஞ்சு. மகரந்தம் பிசுபிசுவென்று கனமாக இருக்கும், காற்றில் பறக்காது, தேனீ வந்து உட்கார்ந்தால்தான் காய். காலையில் மழை பிடித்துத் தேனீ வராமல் போனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் நாங்களே ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் தண்டைப் பெண் பூவுக்குள் தடவி விடுவோம். இதை உங்கள் பேரனும் பேத்தியும் செய்யலாம். காட்டுக்காரரிடம் கேளுங்கள், ரெண்டு பூ கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிராக்டர் சவாரியை விட இது பிள்ளைகளுக்கு நெஞ்சில் நிற்கும் என்பது என் அபிப்ராயம்.

காய் முற்றியதா என்று பார்க்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அரசாணியில் பச்சை நிறம் போய்ப் பழுப்பு ஏறியிருக்கும், காம்பு காய்ந்து கட்டையாகியிருக்கும், தோலில் நகம் இறங்காது. சாம்பல் பூசணி என்றால் உடம்பெல்லாம் வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்கும், சுணை உதிர்ந்திருக்கும். காம்பு ரெண்டு மூணு விரக்கடை இருக்கிற மாதிரி அரிவாளால் வெட்ட வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஒடிந்தால் அந்த இடத்தில் அழுகல் இறங்கும்.

கொடியை மிதிக்காமல் நடக்க வேண்டும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். இலையிலும் தண்டிலும் சுணை இருப்பதால் முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், மூடின செருப்பு போட்டுக் கூட்டி வாருங்கள். இலைக்கு அடியில் பாம்பு கிடக்கலாம், பெரியவர் ஒருவர் முன்னால் குச்சியால் தட்டிக்கொண்டே போகட்டும். மழை பெய்து கொடி ஈரமாக இருந்தால் உள்ளே இறங்க வேண்டாம், ஈரத்தில் தொட்டுத் தொட்டுப் போனால் நோய் ஒரு கொடியில் இருந்து இன்னொன்றுக்குப் பரவும், வரப்பில் நின்று பார்த்தால் போதும். மருந்து அடித்த காடா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பிள்ளைகளை இறக்குங்கள்.

நாகலூர் காப்பித் தோட்டம்:
ஏற்காடு பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இங்கே மேலே காப்பியும் மிளகும்தான். மலைக் கிராமங்களில் வீட்டுப் பின்னால், வேலியோரம் நாலு பூசணிக் கொடி ஓடும், அது அவர்கள் வீட்டுக்கு. வெளியாட்கள் காரை நிறுத்திவிட்டுக் கேட்காமல் உள்ளே போய்ப் போட்டோ எடுப்பது இங்கே பெரிய தொந்தரவு, அந்த வேலையை யாரும் செய்யாதீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் இங்கே மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும், சேலத்தில் இருந்து வருகிற ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். வாழப்பாடிப் பக்கம் விடியற்காலையில் தோட்டத்தை முடித்துவிட்டு, மறுநாள் தனியாக ஏற்காடு வாருங்கள். அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து குப்பனூர் வழியாகவும் ஏறலாம், கூட்டம் குறைவு. காப்பிக் காய் அப்போது பச்சையாக இருக்கும், பழமாகிப் பறிப்பு ஆரம்பிக்க நவம்பர், டிசம்பர் ஆகும்.

சூரமங்கலம் அக்கா:
ஐயா, காடு பார்த்ததோடு நிறுத்தாமல் உழவர் சந்தைக்கும் கூட்டிப் போங்கள். காட்டில் பார்த்த அதே காய் மூட்டையில் வந்து இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கையில் நோட்டை நீட்டினால் நம்ம ஆட்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக நாலஞ்சு காய் வாங்குங்கள், சந்தை விலையே கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். வியாபாரி காட்டில் எடுக்கிற விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே நல்ல வித்தியாசம் இருக்கும், அது காட்டுக்காரருக்குப் போகட்டும். வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துப் பலகாரம் வாங்கிப் போங்கள்.

அங்கே ஹாலோவீனுக்குக் காயைக் குடைந்து விளக்கு வைத்துவிட்டு அப்புறம் நிறையப் பேர் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று என் தங்கை சொல்வாள். இங்கே ஆயுத பூஜைக்கு நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். குங்குமம் தடவி ரோட்டில் உடைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறோம், அதில் டூவீலர் சறுக்கி விழுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. பிள்ளைகள் முன்னால் உடைத்தால் உடனே ஓரமாக அள்ளிப் போடுங்கள், அவர்களையும் அள்ளச் சொல்லுங்கள்.

வாங்கி வந்த அரசாணியில் ஒன்றை வீட்டில் சமையுங்கள். தட்டைப்பயிறு வேகவைத்து, காயைத் தோலோடு பெரிய துண்டாகப் போட்டு, புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் அமெரிக்கப் பிள்ளைகளும் சாப்பிடும், காரம் மட்டும் குறையுங்கள். மீதிக் காய்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் காற்றோட்டமான மூலையில் வையுங்கள், நன்றாக முற்றியது என்றால் பொங்கல் வரைக்கும் கூடத் தாங்கும்.

அஸ்தம்பட்டி தாத்தா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பூ தடவுகிற விஷயத்தைச் சொன்னதும் பேரன் இப்போதே தேதி கேட்கிறான். பூஜைக்கு முந்தைய வாரம், மழை இல்லாத நாளாகப் பார்த்து விடியற்காலையில் வாழப்பாடி போவது என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே ஒரு சந்தேகம். பேத்தி காயை ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்பாள், விதையாவது கொண்டு போகலாமா?

சிகாகோ சேலத்தான்:
ஐயா, வேண்டாம். காய்கறி எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும், பச்சைக் காயைப் பெரும்பாலும் வாங்கிப் போட்டுவிடுவார்கள், சொல்லாமல் மாட்டினால் அபராதம். விதைக்கு இந்தியாவிலேயே தாவர நலச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஒரு கைப்பிடிக்காக அந்த அலைச்சல் தேவையில்லை. பேத்திக்கு இன்னொரு சமாதானம் இருக்கிறது. டப்பாவில் அடைக்கிற பூசணிக்காய் அமெரிக்காவிலேயே அதிகமாக விளைவது அவர்கள் இருக்கிற இல்லினாயில்தான். குடைந்து விளக்கு வைக்கிற ஆரஞ்சுக் காய் வேறு இனம், டப்பாவுக்குப் போவது பெரும்பாலும் நம்ம அரசாணியின் இனம். நவம்பரில் ஊர் திரும்பியதும் அங்கே காய்கறிக் கடையில் பட்டர்நட் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அதுவும் அதே இனம்தான், அதிலேயே தட்டைப்பயிறு போட்டு அந்தக் குழம்பை வைக்கலாம்.