புதுப்பிப்பு: லின்டலில் துளை போட எந்த டிரில் வாங்கினேன்?

ஜன்னலுக்கு மேலே இருக்கும் கான்கிரீட் உத்திரத்தில், அதாவது லின்டலில், திரைக்கம்பி மாட்ட இம்பாக்ட் டிரில் போதுமா, ரோட்டரி ஹேமர் வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ரோட்டரி ஹேமர்தான் வாங்கினேன், 2 கிலோ வகை.

பதில் சொன்ன எலெக்ட்ரீஷியன் தம்பிக்குப் பெரிய நன்றி. "வாட்ஸைப் பார்க்காதீங்கண்ணா, ஜூல் எவ்வளவுன்னு பாருங்க" என்றார். ஜூல் என்றால் ஒவ்வொரு அடியின் ஆற்றல். அதுதான் விஷயம். இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுகின்றன. நாம் உடம்பைக் கொடுத்து அழுத்த வேண்டும். ரோட்டரி ஹேமரிலோ உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி, துளை போடும் பிட்டை அடிக்கிறது. இரவல் வாங்கிய இம்பாக்ட் டிரில்லில் ஐந்து நிமிடம் அழுத்தியும் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை, பிட் முனை நீலம் பாரித்ததுதான் மிச்சம். புதியதில் 8 மி.மீ. எஸ்டிஎஸ் பிட் (ரோட்டரி ஹேமரில் மாட்டும் பிட் வகை), அரை நிமிடத்துக்குள் 50 மி.மீ. ஆழம். சாம்பல் நிற மாவு தோளெல்லாம் கொட்டியது.

வாங்கும் முன் விமர்சனங்களைப் பார்த்தபோது, பெட்டி பிரித்த அன்றே போட்ட ஐந்து நட்சத்திரங்களை நான் படிக்கவே இல்லை. ஆறு மாதம் ஓட்டிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் உண்மையைச் சொன்னார்கள்: கூட வரும் பிட்டுகள் சுமார், கை அதிரும். இரண்டும் சரி. அப்புறம், மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டே பணம் கொடுத்தேன்.