ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து: சம்மதம் கேட்க வேண்டாமா?

கேள்வி: ரேஷனில் செறிவூட்டிய, அதாவது இரும்பு போன்ற சத்துகள் சேர்த்த அரிசியை மட்டுமே தந்தால், காசுள்ளவர் வெளியே வேறு அரிசி வாங்கலாம். அட்டையை நம்பியிருப்பவருக்கு அந்த வழி இல்லை. நோக்கம் நல்லதே என்றாலும் இது முறையா?

பதில் 1: முறை என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய சத்துகளைக் கலந்து அரிசி வடிவில் மணிகளாக அச்சிடுவார்கள். 100 கிலோ சாதா அரிசிக்கு இந்த மணிகள் 1 கிலோ சேர்ப்பார்கள். கலந்தபின் ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மி.கி. இரும்பு. களையும்போது சில மணிகள் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்தால் சேர்த்த சத்து மொத்தமும் குப்பைக்குத்தான்.

பதில் 2: தலசீமியா என்ற பிறவி ரத்தக் கோளாறு உள்ளவர்களை மறக்காதீர்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்பு ஏற்கெனவே தேங்கி, இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கிறது. உணவுச் செறிவூட்டல் பற்றிய 2018 விதிகள் பாக்கெட்டில் எச்சரிக்கை அச்சிடச் சொல்லின; 2024-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. எச்சரிக்கை இருந்தபோதும், மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தரும் கடையில் அதை யார் படித்திருப்பார்?

பதில் 3: அயோடின் உப்போடு இதை ஒப்பிடுவது தவறு. அந்தக் கட்டாயம் எல்லார் வீட்டுக்கும் பொது; இது ஏழை வீட்டுக்கு மட்டும். மருத்துவச் சான்று காட்டுபவருக்குச் சாதா அரிசி தனியே வைக்கட்டும். கடை வாசலில் தமிழில் ஒரு பலகை, அதுவும் உடனே வேண்டும்.